கறுப்புப் பெட்டியும் மரநிறப் பெட்டியும்

பெக்கோக்
12 ஜூன் 2024

ஷர்மினிக்கு,

மலர் எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் ஏதோ இருக்கிறோம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ நலமாக இருப்பாய் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு நலமாக இருப்பாய் என்று நினைக்கவில்லை.

போன வாரம் பிரேமலா ஊருக்கு வந்திருந்தாள். உன் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் அவள் இருக்கிறாள் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. "சாயந்திரம் ஆனா போதும்கா, ஷர்மினி வீட்டு ஸ்பீக்கர் சத்தம் செவுத்தைத் தாண்டி வருது" என்றாள். நான் காபி கலக்கிக்கொண்டிருந்தேன். டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன்.

என் தம்பி செல்வா போய் நாலு மாதம்தான் ஆகிறது. பெக்கோக்கில் நாங்கள் டிவியில் பாட்டு நிகழ்ச்சி வந்தால்கூட மாற்றிவிடுகிறோம். எதிர்வீட்டில் பிறந்தநாள் என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. வருஷம் திரும்புகிற வரை துக்க வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. கட்டிய பெண்டாட்டி நீ. நீ ஸ்பீக்கர் வைத்துக் கச்சேரி நடத்துகிறாய்.

போனில் இனி யாரோடும் பேசுவதில்லை என்று இருக்கிறேன். அதனால்தான் கடிதம். பதில் எழுதுவதானால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள், அதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலர்

*

தெப்ராவ்
23 ஜூன் 2024

அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பிரேமலா அதைச் சொல்லியிருக்க மாட்டாள், அது சுவரைத் தாண்டிக் கேட்காது.

ஸ்பீக்கர் இருப்பது உண்மை. ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. புத்தக அலமாரியில் வைக்கிற அளவுள்ள சின்னப் பெட்டிகள். ஒரு ஜோடி மரநிறம், இன்னொன்று கறுப்பு. உங்கள் தம்பியோடு சிங்கப்பூரில் வேலை செய்த சரணுடையவை. வீட்டில் வைத்துக் கேட்டுப் பார், பிடித்ததை நீ வைத்துக்கொள், மற்றதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஜனவரியில் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் தம்பி முடிவு செய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வருஷம் திரும்பியதும் சொன்னால் போதும் என்று சரண் சொல்லியிருக்கிறார். அந்த முடிவை இப்போது நான்தான் எடுக்க வேண்டும். உங்கள் தம்பி பாதியில் விட்டுப்போனது இது ஒன்றுதான். அதனால் கேட்கிறேன், வேலை முடிந்து வந்ததும் தினமும் கேட்கிறேன்.

நான் போடுவது பாட்டு இல்லை.

துக்கத்தைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்கிறீர்கள். சாவு அன்றைக்கு நீங்கள் பெக்கோக்கிலிருந்து வந்து, ரோட்டில் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள். எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. என் கையைப் பிடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனதும் திரும்பிப் போய்விட்டீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

ஷர்மினி

*

பெக்கோக்
5 ஜூலை 2024

ஷர்மினிக்கு,

உன் கடிதம் வந்தது. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

ஸ்பீக்கரில் பாட்டு வராமல் பின்னே சாம்பாரா வரும்? என் தலையில் மிளகாய் அரைக்காதே. இரண்டு ஜோடியையும் அந்த சரணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் விளக்கேற்றி உட்கார். செத்தவன் ஆசைப்பட்டதை எல்லாம் முடித்து வைக்கிறவள் மாதிரிப் பேசாதே. அவன் முடிக்காமல் விட்டது ஸ்பீக்கர்தானா?

என் மகள் லோஷினி கல்யாணத்தில் தாய்மாமன் இடம் காலியாக இருந்தது. மாப்பிள்ளை மணமேடையில் உட்கார்ந்தாயிற்று, ஐயர் தாய்மாமனைக் கூப்பிடுகிறார், நான் மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் பெண்ணைக் கூட்டிவந்து மாலை போட்டது யார்? என் கொழுந்தன். என் கூடப்பிறந்தவன் இருக்கும்போது. தாலி கட்டி முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு உன் வீட்டுக்காரன் வேலைச் சட்டையோடு வந்தான். சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாமாம். அந்தப் பாலத்தில் ஜாம் இல்லாத நாள் எது? முதல்நாளே லீவு எடுக்க வேண்டியதுதானே. நீயாவது முதல்நாளே வந்திருக்கலாம். வரவில்லை. அவனோடு சேர்ந்து வருகிறேன் என்று நீயும் அங்கேயே நின்றாய்.

ரோட்டில் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், நின்றேன். இந்தச் சத்தம் நிற்காவிட்டால் ஓராண்டுத் திதிக்கு ரோட்டுக்குக்கூட வர மாட்டேன். அவனுக்கு ஒரே அக்கா நான். நான் இல்லாமல் நீ திதி கொடுத்துப் பார்.

மலர்

*

தெப்ராவ்
20 ஜூலை 2024

அண்ணிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இப்போது பரவாயில்லை.

கல்யாணத்தைப் பற்றி இனிமேல் எழுதாதீர்கள். முந்தின நாள் அவருக்கு இரவு வேலை. லீவு கேட்டார், கொடுக்கவில்லை. விடிந்ததும் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாதித் தூரம் நடந்தே வந்தார். உங்களிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தார், நீங்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அவர் மேலும் கோபம்தான். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது நன்றாகத் தெரிந்தது.

நான் எப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். அவர் செய்த மாதிரியே செய்கிறேன். ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூலுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட வேண்டும். முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். முதலில் மரநிறம், பிறகு வயரை மாற்றிக் கறுப்பு. இரண்டிலும் ஒரே ஒலிப்பதிவு, ஒரே அளவு சத்தம். ஏன் பாட்டு போடுவதில்லை என்று நானும்தான் கேட்டேன்.

"பாட்டு எந்த டப்பாவுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் குரல் வேணும். அந்த ஆளு முன்னாடி வந்து நிக்கிற மாதிரி இருந்தா, அதான் ஸ்பீக்கர்" என்றார்.

அப்படி ஒரு குரலைத்தான் அவர் கேட்டார். நானும் அதைத்தான் கேட்கிறேன். திதிக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம். நான் நிறுத்த மாட்டேன்.

ஷர்மினி

*

பெக்கோக்
2 அக்டோபர் 2024

ஷர்மினிக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

பிரேமலா மறுபடி வந்தாள். நானே விசாரித்தேன். பாட்டு இல்லையாம். ஒரு பொம்பளை கத்துகிற சத்தமாம். சீரியல் மாதிரி இருக்கிறதாம், ஆனால் தினமும் அதே இடத்தில் அதே மாதிரி கத்துகிறாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன பேசுகிறாள் என்று பிரேமலாவுக்குப் புரியவில்லை.

யார் அவள்? என் தம்பி கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பொம்பளையின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான்? அவள் குரல் அவனுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியுமா? அதை நீயும் உட்கார்ந்து கேட்கிறாய். உனக்கு ரோஷம் இல்லையா? இல்லை, என்னைக் கிறுக்காக்குவதற்காக இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையா?

சுற்றி வளைக்காமல் எழுது.

மலர்

*

தெப்ராவ்
14 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

நீங்கள்தான்.

அந்தப் பொம்பளை நீங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினீர்களே குரல் பதிவுகள், அவைதான். போன தீபாவளி அன்றைக்கு அனுப்பிய கடைசிப் பதிவு வரை எல்லாம் இருக்கிறது. அவர் ஒன்றையும் அழிக்கவில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல் வேறு எதுவும் இல்லையாம். "சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டு வர்ற குரல் லா, எங்க தப்பு வந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்" என்று சிரித்தார்.

உங்கள் சந்தேகத்தைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். பிறகு கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றிருந்தது.

நீங்கள் பேசியது உங்களுக்கு நினைவில்லை என்றால் சொல்கிறேன். எனக்கு இப்போது மனப்பாடம். "நீ என் தம்பியே இல்ல. நான் செத்தா நீ வராத. நீ செத்தா நான் வர மாட்டேன்." பிப்ரவரியில் அவர் வேலைக்குப் போகிற வழியில், சோதனைச் சாவடி வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நீங்கள் வந்தீர்கள், ஆனால் ரோட்டிலேயே நின்றுவிட்டீர்கள். பேசிய பேச்சைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயந்திரம் வேலை முடிந்து வந்து, அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, நீங்கள் திட்டுவதைக் கேட்கிறேன். இந்த வீட்டில் இப்போது இருக்கிற குரல் அது ஒன்றுதான். போதுமா?

ஷர்மினி

*

சிகாமாட்
8 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

லோஷினி எழுதுகிறேன். சுகமாக இருக்கிறீர்களா? நானும் அவரும் நலம். தீபாவளிக்கு உங்களைக் கூப்பிட முடியவில்லை, இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. ஆனாலும் ஒரு போனாவது பண்ணியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. கடிதத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார். அது வந்த நாளிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அப்பா கூப்பிட்டதால் நான் போய் இரண்டு நாள் இருந்தேன். மாமா இறந்த அன்றைக்கே அம்மா போனை அணைத்து அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டார், இதுவரை எடுக்கவில்லை. போன் வேண்டுமா என்று கேட்டால், "இந்த வாயும் வேணாம், அந்த போனும் வேணாம்" என்கிறார். முதலில் எனக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது.

எனக்கும் கோபம் இருக்கிறது அத்தை. என் கல்யாணத்தை வைத்துத்தான் எல்லாரும் சண்டை போட்டீர்கள், என்னை ஒருவரும் கேட்கவில்லை. மாமா நேரத்துக்கு வராதது எனக்கு வருத்தம்தான். ஆனால் கடைசிப் பந்தியில் வேலைச் சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் இருந்த வடையை எடுத்துத் தின்றாரே, அத்தோடு எனக்குப் போய்விட்டது. அதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அம்மா கோபமாக இருக்கும்போது யாரால் குறுக்கே பேச முடியும்?

அம்மாவைத் திட்டுவதானால் திட்டுங்கள். ஆனால் எதையாவது சொல்லாமல் வைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மாமா அம்மாவைப் பற்றிக் கடைசியில் என்ன பேசினார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள்
லோஷினி

*

தெப்ராவ்
24 நவம்பர் 2024

அண்ணிக்கு,

வணக்கம். லோஷினி எழுதியிருந்தாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றே இருந்தேன். கேட்டுக்குள் வராதவர்களுக்கு வீட்டுக்குள் நடந்ததை ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இப்போதும் உங்கள் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அவர் சொன்னதை நானே வைத்துக்கொள்வது சரியில்லை, அதனால் சொல்கிறேன்.

உங்கள் பதிவுகளை, அவை வந்த அன்றன்றைக்கே அவர் போனில் கேட்டிருந்தார். போனில் கேட்டால் திட்டு மட்டும்தான் கேட்கும். அதனால் பதில் போடவில்லை. ஸ்பீக்கர் வந்த பிறகு மரநிறப் பெட்டியில்தான் முதலில் போட்டார். அது நல்ல பெட்டி. யார் பேசினாலும் குரலைத் துடைத்து எண்ணெய் தேய்த்து அனுப்பும். அதில் நீங்கள் திட்டுவதுகூட இதமாக இருக்கும். வீட்டில் சும்மா கேட்க இதுதான் சரி என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கறுப்பு அப்படி இல்லை. அது எதையும் மறைக்காது. உங்கள் வளையல் சத்தம், பின்னால் குக்கர் விசில், நீங்கள் மூச்சு வாங்குவது எல்லாம் கேட்கும். ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் அந்தக் கடைசிப் பதிவைக் கறுப்பில் போட்டார். "நீ என் தம்பியே இல்ல" என்பதற்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நீங்கள் எச்சில் விழுங்குகிறீர்கள், மூக்கை உறிஞ்சுகிறீர்கள். அவர் நிறுத்தி மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கேளு. அக்கா அழுதிருக்கா. அழுதுகிட்டேதான் திட்டியிருக்கா" என்றார்.

உடனே போன் பண்ணுங்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "போன்ல கூப்டா திட்டுவா. நேர்ல போய் திட்டு வாங்கிக்கிறேன். சனிக்கிழமை சீனப் புத்தாண்டு லீவு தொடங்குது, பெக்கோக் போலாம்" என்றார். வியாழக்கிழமை வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அவ்வளவுதான். இரண்டு பெட்டிகளில் எது வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஷர்மினி

*

பெக்கோக்
15 டிசம்பர் 2024

ஷர்மினிக்கு,

நான் அழவில்லை. அன்றைக்கு எனக்குச் சளி.

திங்கட்கிழமை தெரிந்ததற்குச் சனிக்கிழமை வரை என்ன? தெப்ராவிலிருந்து பெக்கோக் என்ன வெளிநாடா? மோட்டாரை எடுத்தால் அன்றைக்கே வந்திருக்கலாம். கல்யாணத்துக்குத்தான் லேட், இதற்குமா? லீவு வருகிறதாம், லீவு பார்த்து வருவானாம். எல்லாவற்றுக்கும் அவனுக்கு ஒரு காரணம் இருக்கும். நீயும் விட்டுவிட்டாய். அவன் கையில் போனைத் திணித்து, பேசு என்று சொல்லியிருக்க வேண்டாமா? உன் புருஷன்தானே? அவனுக்கு முன்னால் எதற்குத்தான் வாயைத் திறந்திருக்கிறாய் நீ?

அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கி எறி. அடுத்தவர் மூச்சு வாங்குவதை எல்லாம் காட்டிக்கொடுக்கிற பெட்டி நல்ல பெட்டியா?

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மலர்

*

தெப்ராவ்
2 ஜனவரி 2025

அண்ணிக்கு,

புது வருஷத்தில் உங்கள் முழங்கால் வலியாவது குறைய வேண்டும். இந்த வருஷத்துக்கு நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணி. உங்கள் மேல் கோபப்பட்டு, அவர் மேல் கோபப்பட்டு, ஒரு வருஷம் ஓடிவிட்டது. சனிக்கிழமை வரை ஏன் விட்டேன் என்று நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள். நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரணுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறார். அதற்குள் ஒரு ஜோடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மரநிறத்தை வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. அதில் நீங்கள் திட்டினாலும் உறைக்காது, கேட்டுக்கொண்டே தூங்கிவிடலாம். கறுப்பை வைத்துக்கொண்டால் தினமும் எனக்கு அடி விழும். ஆனால் அதில்தான் அவர் உங்களைக் கேட்டார். அதைக் கொடுத்துவிட்டால் அந்தத் திங்கட்கிழமையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

என்னால் முடிவு செய்ய முடியவில்லை. குரல் உங்களுடையது. நீங்களே சொல்லுங்கள். இரண்டும் வேண்டாம், எல்லாப் பதிவுகளையும் அழித்துவிடு என்றால் அதையும் செய்கிறேன்.

தை அமாவாசைக்கு முந்தின நாள் திதி. ஐயரிடம் சொல்லிவிட்டேன். வருகிறீர்களா என்று இன்னொரு தடவை கேட்க மாட்டேன்.

ஷர்மினி

*

பெக்கோக்
14 ஜனவரி 2025

ஷர்மினிக்கு,

நாங்கள் நலம். இன்றைக்குப் பொங்கல், எங்களுக்கு இல்லை. அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மரநிறத்தை அந்த சரணிடம் கொடுத்துவிடு. கறுப்பு இருக்கட்டும். நான் திட்டினால் அது திட்டாகவே கேட்க வேண்டும். எனக்கு யாரும் எண்ணெய் தேய்த்துவிட வேண்டாம். ஒன்றையும் அழிக்காதே. அழிப்பதாக இருந்தால் அதை அவன் செய்திருப்பான்.

திதிக்கு முந்தின நாளே வருகிறேன். உன் அண்ணனும் லோஷினியும் உடன் வருகிறார்கள். சீனப் புத்தாண்டு நேரம், ரோடு முழுக்க ஜாமாக இருக்கும். அதனால் விடியும் முன்னே கிளம்புகிறோம். லேட்டாக வந்தால் நீ என்னைக் கேட்டுக்குள் விடாதே. வழியில் ஆயர் ஈத்தாமில் இறங்கி இரண்டு பீங்கான் ஸ்டூல் வாங்கிக்கொண்டு வருவேன். ஒரு வருஷமாக என்னைப் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏற்றி வைத்திருக்கிறாய், கொஞ்சமாவது மரியாதை தெரிய வேண்டாமா?

இந்த முறை உள்ளே வருவேன். அவன் உட்கார்ந்த இடத்தில் என்னை உட்கார வை. முழங்கால் மடக்க முடியாது, ஆனாலும் உட்காருவேன். அவன் கேட்டதை எனக்குப் போட்டுக் காட்டு. நடுவில் நிறுத்தாதே. போட்டு முடித்ததும் நான் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னான் இல்லையா? அவனால் வர முடியவில்லை. நான் வருகிறேன். சனிக்கிழமை வரை காத்திருந்ததற்கும் சேர்த்து அவனுக்கு இருக்கிறது.

மாத்திரையை மறக்காமல் போடு. அன்றைக்குச் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும் என்று பிரேமலாவிடம் முன்கூட்டியே சொல்லிவை.

உன் அண்ணி
மலர்